தத்தும் உயிலும்: சிராவகக் குடும்பங்களுக்கான சட்ட நெறி

(விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் பூமியில் ஜினதருமம் ஒரு காலத்தில் ஆழ வேரூன்றி நின்றது. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி முனிவர்களின் திருப்பெயர்கள் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் இன்றும் கல்லெழுத்தாகக் காணக் கிடக்கின்றன. அருப்புக்கோட்டைக்கு அணித்தேயுள்ள கோவிலாங்குளத்தில் முக்குடையார் திருக்கோயில் ஒன்று இருந்தது. முதலாம் குலோத்துங்க சோழன் காலத்து அன்பர்கள் அக்கோயிலுக்கு நிலம் விட்டதையும், தண்ணீர்ப் பந்தல் அறம் செய்ததையும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கொடுத்தவர் யார், கொடுத்தது எது, எதன் பொருட்டு என்ற மூன்றும் அதில் உள்ளன. கோயிலின் மேற்கட்டடம் அழிந்துவிட்டது. எழுதி வைத்த சொல் நிற்கிறது.

அதே வட்டாரத்தில் இன்று நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில் இந்த மூன்று செய்திகளையும் தாங்கிய ஒரு தாள்கூட இருப்பதில்லை. ‘எல்லாம் நமக்குள்தானே’ என்ற ஒரு சொல்லே பத்திரமாக நடமாடுகிறது. மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் விளைந்த மானாவாரிப் புஞ்சைக்கு விலை இல்லாத காலத்தில் அந்தச் சொல் போதுமாயிருந்தது. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் பரப்பில் மத்திய அரசின் பெரும் ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023இல் அறிவிப்பு வந்தது. அத்தகைய அறிவிப்பு வந்தபின் சீமைக்கருவேலம் மண்டிய உட்பிரிவுகளுக்கும் வில்லங்கச் சான்று கேட்டுச் சார்பதிவகத்தில் ஆள் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இது விளக்கத்தின் பொருட்டுப் புனைந்தது. எந்தக் குடும்பத்தையும் சுட்டுவதன்று. வந்தவாசிப் பக்கத்திலிருந்து தெற்கே வந்து அருப்புக்கோட்டையில் நூல் வணிகம் செய்த ஒருவர், தம் உழைப்பில் குமாரலிங்கபுரத்தில் ஆறு ஏக்கர் புஞ்சை வாங்கினார். மக்கட்பேறு இல்லை. தம்பியின் இளைய மகனை நான்கு வயதில் அழைத்து வந்து வளர்த்தார். கொழுந்தனார், “அண்ணி, ஒரு பத்திரம் எழுதிவிடலாமா?” என்று கேட்டபோது, “பெற்ற பிள்ளைக்கு யாராவது பத்திரம் எழுதுவார்களா?” என்று அம்மையார் சொன்னார். அச்சொல்லில் அன்பு இருந்தது. அந்த அன்பே பின்னாளில் பிள்ளைக்கு எதிராகத் திரும்பும் என்பதை அங்கிருந்தோர் எவரும் எண்ணவில்லை. பெரியவர் காலமானார், அவர் தாயார் முன்னமே மறைந்தவர். பின்னர் அம்மையாரும் காலமானார். பிள்ளைக்கு அப்போது முப்பது வயது.

அந்த ஆறு ஏக்கர் யாருக்கு? இவ்வினாவுக்கு விடை காணுமுன், ஜைனர்க்கு இந்நாட்டில் எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைத் தெளிய வேண்டும்.

வைதிக மரபில் புதல்வன் இல்லாதார்க்கு மறுமைக்கடன் செய்வாரில்லை என்ற கருத்து தத்துக்கு அடிப்படையாயிற்று. ஜினநெறி அவ்வாறு கொள்வதில்லை. அவரவர் வினை அவரவர்க்கே. மகன் இடும் பிண்டம் தந்தையின் உயிரைக் கரையேற்றாது. ஆகவே ஜைனரிடையே தத்து என்பது முழுவதும் உலகியற் செயல்: ஒரு குழந்தைக்குக் குடும்பமும், ஒரு குடும்பத்துக்குத் தொடர்ச்சியும் தருவது. இந்த வேறுபாட்டை ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களும் உணர்ந்தன. இலண்டன் பிரிவி கவுன்சில் 1878இல் ‘சியோ சிங் ராய் – தாக்கோ’ வழக்கில் வட இந்திய அகர்வால் ஜைனரின் வழக்காற்றை ஏற்றது. அதன்படி மகனற்ற ஜைனக் கைம்பெண், கணவர் தாமே ஈட்டிய சொத்துக்கு முழு உரிமையுடையவள். கணவரின் முன் அனுமதி இன்றியே தத்து எடுக்கலாம். மகள் வயிற்றுப் பேரனையும் தத்தாகக் கொள்ளலாம். அக்காலத்து மற்றை மகளிர்க்கு எட்டாத உரிமை அது.

தமிழ் ஜைனர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1962இல் ‘முன்னாலால் – ராஜ்குமார்’ வழக்கில், கணவரின் அனுமதியின்றிக் கைம்பெண் தத்தெடுக்கும் ஜைன வழக்காறு நாட்டின் பெரும்பகுதியில் நீதிமன்றங்களால் ஏற்கப்பட்டது என்று உறுதி செய்தது. அவ்வாறு கூறும்போதே சென்னை மாகாணத்தையும் பஞ்சாபையும் அவ்வரிசையில் சேர்க்காமல் விலக்கியது. வடக்கே நிறுவப்பட்ட உரிமையைத் தெற்கே உள்ள சிராவகர் தமதென்று கருதிவிட முடியாத நிலை இதனால் இருந்தது. அதற்கு முன்பே, 1927ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற ‘கடெப்பா – ஏரம்மா’ வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரி ஒரு கருத்தைப் பதிந்திருக்கிறார். ஜைனர் இந்து சமயத்திலிருந்து பிரிந்தவர் அல்லர், தனித் தொன்மை உடையவர் என்பதே தற்கால ஆராய்ச்சி காட்டுவது. முன்தீர்ப்புகள் இல்லாதிருந்தால் அவ்வாறே தீர்ப்பளிக்க மனம் செல்லும் என்பது அக்கருத்து. ஆனால் முன்தீர்ப்புகள் இருந்தன. சிறப்பு வழக்காறு மெய்ப்பிக்கப்படாத இடத்தில் ஜைனர்க்கும் இந்துச் சட்டமே என்ற நிலை நீடித்தது. சம்பத்ராய் ஜைன் போன்ற அறிஞர்கள் பத்திரபாகு சம்ஹிதை முதலியவற்றைத் தொகுத்து ஜைனர்க்கெனத் தனிச் சட்டம் வேண்டுமென்று வாதிட்டதும் 1920களில்தான். அம்முயற்சி நீதிமன்றங்களில் முழுப்பயன் தரவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

1956க்குப் பின் இவ்வாதத்தின் பெரும்பகுதி பழங்கதையாயிற்று. அவ்வாண்டு ஜூன் 17 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டமும், டிசம்பர் 21 முதல் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. இரண்டும் ‘ஜைனர்’ என்ற சொல்லை வெளிப்படையாகவே எழுதி அவர்களைத் தம் வரம்புக்குள் கொண்டன. உயிலுக்குரிய 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும் ஜைனர் எழுதும் உயில்களைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது.

மத்திய அரசு 2014 ஜனவரியில் ஜைனரைச் சிறுபான்மையினராக அறிவித்தபின் ஒரு குழப்பம் பரவியது: ‘நாம் சிறுபான்மையினர், ஆகவே இந்துச் சட்டங்கள் இனி நமக்கில்லை’ என்பது. இது படிப்பறியாதவரின் மயக்கம் மட்டுமன்று. இந்தூர் குடும்ப நீதிமன்றமே 2025 பிப்ரவரியில் இக்காரணம் காட்டி, ஜைனத் தம்பதியர் ஒருவரின் இந்து திருமணச் சட்ட மனுவைத் தள்ளியது. அடுத்த மாதமே மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. சிறுபான்மை அறிவிப்பு கல்வி நிறுவனம் முதலிய பயன்களுக்கானது. அது குடும்பச் சட்டங்களை மாற்றவில்லை என்பது அதன் சாரம். தத்து, வாரிசு ஆகியவற்றிலும் நிலை இதுவே. சமயத்தால் தனித்தவர், குடும்பச் சட்டத்தால் 1956ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கு உட்பட்டவர்.

இனி எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்குத் திரும்பலாம்.

வளர்த்தது தத்தாகாது. சட்டத்தின் கண்ணில் தத்துக்கு உயிர்நிலை, ஈன்ற பெற்றோர் ‘கொடுத்தோம்’ என்று கையளிக்க, ஏற்போர் ‘பெற்றோம்’ என்று குழந்தையை வாங்கும் அந்தச் செயல். வேள்வியோ தத்த ஹோமமோ கட்டாயமில்லை என்று சட்டமே சொல்லியிருப்பதால், ஜைனக் குடும்பத்தினர் தம் நெறிக்கு ஒவ்வாத சடங்கு எதையும் இதற்கெனச் செய்ய வேண்டுவதில்லை. ஜினாலயத்தில் அருகன் திருமுன் பெரியோர் நால்வர் சூழ நிகழலாம். வீட்டுக் கூடத்திலும் நிகழலாம். ஆனால் நிகழ்ந்தாக வேண்டும். நிகழ்ந்ததற்குச் சான்று இருக்க வேண்டும். தாய் தந்தையை இழந்த ஒரு பெண்ணைச் சிறிய வயது முதல் உறவினரான தம்பதியர் வளர்த்தனர். பள்ளிப் பதிவு முதலிய ஆவணங்களில் அவர்களே பெற்றோர் எனக் காணப்பட்டது. ஆயினும் கையளித்தலும் வளர்ப்புத் தாயின் இசைவும் மெய்ப்பிக்கப்படாமையால் தத்து ஏற்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் அவ்வாறு முடிவு கூறியது. அந்த அம்மாளின் வழக்கில் எதிரே நின்றவர் அவரை வளர்த்த தாயே. படிக்கும் எவர்க்கும் மனம் கனக்கும்.

மனைவியின் இசைவு என்பதையும் பலர் எளிதாகக் கருதுகின்றனர். ஆண் தத்தெடுக்க உயிருடனுள்ள மனைவியின் இசைவு வேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மணமான பெண்ணும் கணவனின் இசைவுடன் தாமே தத்தெடுக்கலாம். கைம்பெண், மணமாகாத பெண், மணமுறிவு பெற்றவர் ஆகியோர்க்கு எவர் இசைவும் தேவையில்லை. முன்னே கூறிய சென்னை மாகாண விலக்கு இதனால் பொருளற்றதாயிற்று. தமிழ் ஜைன மகளிர்க்கு 1956 கொண்டுவந்த நன்மைகளில் இது முதன்மையானது. 2011இல் ‘கீசாலால் – தாபுபாய்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், தத்து விழாவில் மனைவி உடன் அமர்ந்திருந்தார் என்பது மட்டும் இசைவாகாது என்றது. மௌனம் சம்மதம் என்ற பழமொழிக்கு இங்கே இடமில்லை. கையெழுத்து வேண்டும்.

வயதில்தான் மிகுதியும் தவறு நேர்கிறது. தத்துப்போகும் பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்திருத்தல் கூடாது, மணமாகியிருத்தலும் கூடாது. வழக்காறு உண்டெனின் விலக்கு உண்டு. ஆனால் அவ்வழக்காற்றைத் தொன்றுதொட்டு மாறாமல் நடப்பதாகச் சாட்சியத்தால் நிறுவ வேண்டும். மகாராட்டிரத்து ஜைனரிடையே ஏற்கப்பட்டது திண்டிவனத்திலோ அருப்புக்கோட்டையிலோ தானே ஏற்கப்பட்டுவிடாது. நான்கு வயதில் வந்த பிள்ளைக்குப் பத்தொன்பது வயதில், நிலத்துக்கு விலை வந்தபின், அவசரமாக எழுதப்படும் தத்துப் பத்திரங்கள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால் வீழ்கின்றன. இளமையில் நிகழ்ந்த தத்தைப் பின்னாளில் பதிவது வேறு. வயது கடந்தபின் புதிதாகத் தத்தெடுப்பது வேறு. முன்னது, பழைய நிகழ்வுக்குச் சான்று இருந்தால் நிற்கும். பின்னது நில்லாது.

மற்ற வரம்புகளை விரைந்து சொல்லிவிடலாம். மகனைத் தத்தெடுப்பவர்க்கு மகனோ மகன்வழிப் பேரனோ கொள்ளுப்பேரனோ இருத்தல் ஆகாது. மகளைத் தத்தெடுப்பவர்க்கு மகளோ மகன்வழிப் பேத்தியோ இருத்தல் ஆகாது. ஆண் பெண் குழந்தையையோ, பெண் ஆண் குழந்தையையோ தத்தெடுப்பின் இருவர்க்குமிடையே இருபத்தொரு வயது இடைவெளி வேண்டும். ஒரே பிள்ளையை இருவேறு குடும்பத்தார் தத்தெடுக்க இயலாது. பொருள் கொடுத்தோ வாங்கியோ செய்யும் தத்து குற்றம். முறையாக நிகழ்ந்த தத்தைப் பின்னர் எவரும் ரத்துச் செய்ய இயலாது. பிள்ளையும் அதைத் துறந்து பிறந்த வீட்டுக்குத் திரும்ப இயலாது.

பத்திரம் எழுதிப் பதிவது தத்தின் செல்லுபடிக்குக் கட்டாயமில்லை. ஆயினும் கொடுத்தோரும் பெற்றோரும் கையொப்பமிட்டுப் பதிந்த தத்துப் பத்திரம் இருந்தால், தத்து முறைப்படி நிகழ்ந்தது என்றே நீதிமன்றம் கருதிக்கொள்ளும். இல்லையென்று நிறுவும் சுமை எதிர்த்தரப்பின் தோளில் ஏறும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் சாட்சிகள் மறைந்துவிட்ட நிலையில் இச்சுமை யார் தோளில் இருக்கிறது என்பதே வழக்கின் முடிவு. ஈன்ற தந்தை, ஈன்ற தாய், ஏற்கும் தந்தை, ஏற்கும் தாய் ஆகிய நால்வரும் ஒப்பமிட வேண்டும். கையளித்த நாளும் இடமும் பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அந்நாளின் நிழற்படமும் பிறப்புச் சான்றும் உடன் காக்கப்பட வேண்டும்.

இவை நேரே உறவிலோ அறிமுகத்திலோ பெற்றோரிடமிருந்து பெறும் குழந்தைக்குரியவை. கைவிடப்பட்ட குழந்தையை மருத்துவமனையிலிருந்தோ இடைத்தரகரிடமிருந்தோ பெற்று வளர்க்க எண்ணுவது, இரக்கத்தால் செய்யினும், சிறைக்குரிய குற்றம். அக்குழந்தைகளுக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்ட வழியே உரியது. மத்தியத் தத்துவள ஆணையத்தின் இணையவழிப் பதிவு, இல்ல ஆய்வு, பின்னர் ஆணை என்று அது நடக்கும். 2022 செப்டம்பர் முதல் அந்த ஆணையை நீதிமன்றத்துக்கு மாற்றாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். தம்பதியர் இருவரின் வயதையும் கூட்டி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 85 என்ற மேல்வரம்பு உள்ளமையால், நாற்பதைக் கடக்குமுன் பதிவது நன்று. இவ்வழியில் மகன் உள்ளவரும் மகனை ஏற்கலாம். தெருவில் கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டோர் 1098 எண்ணை அழைத்தால் போதும். அபயதானம் செய்யும் மனத்தினர் அதைச் சட்டத்தின் வழியே செய்யும்போதுதான் அந்தக் குழந்தைக்கு உண்மையில் அபயம் கிட்டுகிறது.

ஆறு ஏக்கர் இப்போது யாருக்கு? தத்து மெய்ப்பிக்கப்பட்டிருந்தால், பெரியவர் மறைந்த அன்று மனைவியும் மகனும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்குப் பாதி. அம்மையார் மறைந்தபின் முழுவதும் மகனுக்கே. மெய்ப்பிக்கப்படவில்லையெனின், பெரியவருக்கு மனைவி ஒருவரே வாரிசு. நிலம் முழுவதும் அவர்க்குத் தனியுரிமை. அதை அவர் யாருக்கும் எழுதி வைத்திருக்கலாம். எழுதாமல் மறைந்ததால், மக்கள் இல்லாத அவர் சொத்து அவர் கணவருடைய வாரிசுகளைச் சேரும். கணவரின் உடன்பிறந்தார், தம்பியும் தங்கையரும், சமமாகப் பெறுவர். உடன்பிறந்தார் ஒருவரேனும் உயிருடன் இருக்கும்வரை உடன்பிறந்தார் மகனுக்கு ஒரு சென்ட்கூட இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் அந்த நிலத்தின் வரப்பில் நடந்தவன், பெரியம்மாவின் ஈமக்கடனை முன்னின்று செய்தவன், சட்டத்தின் முன் அயலான்.

அம்மையார் தம் தாய் வீட்டிலிருந்து வாரிசாகப் பெற்ற மனை ஒன்று ஆரணியில் இருந்திருந்தால் அது கணவர் வீட்டாருக்கும் போகாது. மக்களற்ற நிலையில் அவருடைய தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஒரே பெண்மணியின் இரண்டு சொத்துகள் இரு திசையில் பிரிந்து செல்லும் இவ்விந்தையைப் பெரும்பாலான குடும்பங்கள் வாரிசுச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும்போதுதான் முதன்முதலாக அறிகின்றன. அச்சான்றிதழும் வாரிசுகள் யார் என்று காட்டுவதேயன்றிச் சொத்துரிமையைத் தீர்மானிப்பதன்று. வங்கியில் நியமனதாரராகக் குறிக்கப்பட்டவரும் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்கும் கையே, உடையவர் அல்லர். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு காப்பீட்டிலும் நிலை இதுவே; 1984இல் உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லியிருந்தது.

பெண்களின் உரிமை பற்றி இவ்விடத்தில் ஒரு சொல். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் அதுவரை மணமாகாத மகளிர்க்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் மணமான மகளிர்க்கும் அதை விரித்தது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ‘சீர் செய்தாயிற்று, பங்கு எதற்கு’ என்பது வாதமாகாது. முன்னே கூறிய முன்னாலால் வழக்கிலும் நடுநாயகமாக இருந்தவர் ஒரு மூதாட்டி, கிலோனாபாய். அவர்க்கு உரிய பங்கை நீதிமன்றம் முதனிலைத் தீர்ப்பில் அறிவித்தது. நிலம் அளந்து கைக்கு வருமுன் அவர் மறைந்தார். ‘கையில் இல்லாதது அவர் சொத்தன்று’ என்றது எதிர்த்தரப்பு. அறிவிக்கப்பட்ட பங்குக்கே அவர் முழு உரிமையாளர், அது அவருடைய வாரிசுகளையே சேரும் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு ஜைனப் பாட்டியின் பெயரால் அமைந்த இத்தீர்ப்பை இந்நாட்டு மகளிர் அனைவரும் இன்றும் துணைக்கொள்கின்றனர்.

எடுத்துக்காட்டுக் குடும்பம் பதினைந்து வயதைத் தவற விட்டிருப்பினும் வழி அடைபட்டுவிடவில்லை. உயில் இருந்தது; எவரும் எழுதவில்லை. தத்துப் பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை, பணியாளர், ஜினாலயம் என்று எவர்க்கும் தம் சொத்தை உயிலால் கொடுக்கலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டா, பதிவும் கட்டாயமில்லை. வேண்டுவன தெளிந்த மனம், எழுதியவரின் ஒப்பம், அவர் ஒப்பமிட்டதைக் கண்டோ அவர் வாயால் கேட்டோ அவர் முன்னிலையில் ஒப்பமிடும் இரு சாட்சிகள். பயன் பெறுபவரைச் சாட்சியாக்காதிருப்பதும், எழுதியவரைவிட இளையவரைச் சாட்சியாக்குவதும் விவேகம். சாட்சிகளில் ஒருவரேனும் நீதிமன்றத்தில் பேச உயிருடன் இருக்க வேண்டுமே! நிலத்தைப் புல எண், உட்பிரிவு, நான்கெல்லை, பரப்பு ஆகியவற்றுடன் எழுத வேண்டும். ‘கரிசக்காட்டுப் புஞ்சை’ என்று எழுதினால் எழுதியவர்க்கு மட்டுமே புரியும். பிள்ளையைக் குறிக்கும்போது ‘என் மகன்’ என்று மட்டும் எழுதாமல், ஈன்றோர் பெயரும் வளர்த்த வரலாறும் சேர்த்து, ‘தத்து ஏற்கப்பட்டாலும் ஏற்கப்படாவிட்டாலும் இவர்க்கே’ என்று எழுதுவது காப்பு. நேர் வாரிசு எவரையேனும் விலக்கினால் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். காரணமற்ற விலக்கே ஐயத்துக்கு இடம் தரும். தத்து எடுத்ததாலேயே பெற்றோர் தம் சொத்தை விற்கவோ உயில் எழுதவோ உள்ள உரிமை போய்விடாது என்பதையும் நினைவிற் கொள்க. தத்தும் வேண்டும், உயிலும் வேண்டும்.

கோயிலுக்கு எழுதுவோர் ‘ஜினாலயத்துக்கு’ என்று பொதுவில் எழுதுவது கோவிலாங்குளத்துக் கல்லெழுத்தின் தெளிவுக்குக் கூட எட்டாதது. எந்த ஊர் ஆலயம், அதை நடத்தும் அறக்கட்டளையின் பதிவுப் பெயர் என்ன, வருவாய் எந்தப் பூசைக்கு அல்லது எந்த ஆகார தானத்துக்கு என்பன இடம்பெற வேண்டும்.

இதை எப்போது எழுதுவது என்று கேட்பாருண்டு. பொருள் வரைதலை அணுவிரதங்களுள் ஒன்றாக ஏற்ற குடும்பத்தார்க்கு விடை தம் நூல்களிலேயே உள்ளது. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரம், சல்லேகனை ஏற்போர் முதலில் பற்றையும் பகையையும் உடைமையையும் விட வேண்டும் என்று முறை வகுக்கிறது. உடைமையை விடுவது முதற்படி, இறுதிப்படியன்று. நோயும் நோன்பும் உடலை வாட்டியபின் இடப்படும் ஒப்பத்தை, ‘அறிவு தெளிவாயிருந்ததா?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். வயதில் மூத்தோர் உயில் எழுதும் நாளில் மருத்துவர் ஒருவரின் சான்றை இணைத்து வைப்பது அக்கேள்விக்கு முன்கூட்டிய விடை.

வாழும்போதே கொடுத்துவிட எண்ணுவோர் தான செட்டில்மெண்டு எழுதுகின்றனர். அது பதியப்பட்டாக வேண்டும். இரு சாட்சிகள் வேண்டும். உடனே உரிமை மாறும். உயிலைப் போல் நினைத்தபோது மாற்ற இயலாது. குழந்தையில்லாத மூத்த தம்பதியர் வளர்ப்புப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின் திண்ணைக்கு வரும் அவலம் நம்மிடையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, பராமரிப்புத் தவறினால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் வழியே மீட்க இடம் தருகிறது. நிபந்தனை இருந்தமை காட்டப்பட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில், முதியோர்க்கு நலம் பயக்குமாறு அப்பிரிவைப் பரந்து பொருள்கொண்டது. எழுதும் பத்திரத்திலேயே ‘உணவு, உறையுள், மருத்துவம் தந்து பேண வேண்டும், தவறின் இத்தானம் செல்லாது’ என்ற வாசகத்தைச் சேர்க்கும்படி பத்திர எழுத்தரிடம் கேட்டு வாங்குவதே நன்று. ஆயுள்காலம் வரை அனுபவ பாத்தியதையைத் தமக்கே வைத்துக்கொள்வதும் பழைய பெரியோர் கண்ட நல்வழி.

எழுதிய உயிலை எங்கே வைப்பது என்பதில் பலர் இடறுகின்றனர். இரும்புப் பெட்டியில் வைத்த உயில் பெட்டியைத் திறப்பவரின் கையில் இருக்கிறது. பதிவுச் சட்டம் ஒரு வசதியைச் செய்திருக்கிறது. உயிலை முத்திரையிட்ட உறையில் இட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் அறியார். எழுதியவர் விரும்பினால் திரும்பப் பெறலாம். எழுதியவர் மறைந்தபின் உரியவர் விண்ணப்பிக்க, அவர் முன்னிலையில் உறை பிரிக்கப்பட்டுப் பதிவேட்டில் படியெடுக்கப்படும். மூலம் அலுவலகத்திலேயே இருக்கும். உறை அங்கே உள்ளது என்ற செய்தியை மட்டும் நம்பகமான இருவர்க்குச் சொல்லி வைத்தல் வேண்டும்.